செம்முள்ளி விற்ற வாய்

பூச்செடி தானாக விற்கும். முள்ளுச் செடியை வாயால்தான் விற்க வேண்டும். வெள்ளவத்தையில் ஒழுங்கைக்குள் செடிக்கடை வைத்திருக்கும் எனக்குக் கடவுள் தாராளமாகக் கொடுத்தது அந்த வாயைத்தான். வியாபாரத்தில் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்துவிட்டு என்னை ஏசாதீர்கள். நாமெல்லாம் ஒரே சாதிதானே.

கன்னத்தைப் பொத்தியவர்

செம்முள்ளி மஞ்சளாகப் பூக்கும். பார்த்தால் கனகாம்பரத்தின் சொந்தக்காரி என்று தெரியும். ஆனால் இலைக்கு இலை ஊசி மாதிரி முள். ஃபிளாட் பல்கனியில் வைக்க இதை யார் வாங்குவார்கள்? லொறியில் செடி கொண்டுவரும் சிங்கள ஐயா "கட்டுகரண்டு" என்று பெயர் சொல்லி, இலையை மென்றால் பல்வலிக்கு நல்லது என்றார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதன் மேல் இருமல், வீக்கம், முடி உதிர்வு என்று ஆளைப் பார்த்து நானே நோய்களைச் சேர்த்துக்கொண்டேன்.

பம்பலப்பிட்டியில் ஒரு ஒஃபிசில் வேலை செய்யும் சுகந்தி, கன்னத்தைப் பொத்திக்கொண்டு ரோசாக் கன்று வாங்க வந்தார். விடுவேனா? "காலமையும் பின்னேரமும் இலையை மெண்டு சாறை வாய்க்குள்ள வைச்சிருங்கோ, வலி இருந்த இடம் தெரியாது" என்று செம்முள்ளியைக் கையில் கொடுத்தேன். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப பல் டொக்டரிட்ட எடுத்த அப்பொயின்ட்மென்டைக் கான்சல் பண்ணட்டோ, அக்கா?"

மொட்டைச் செடி

என் வைத்தியப் புகழ் சந்தி வரை போய்விட்டது. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து எங்கள் சந்தியில் ஓட்டோ நிறுத்தும் ராஜுவும் அவருடைய கூட்டாளிகளும் காலையில் வந்து "ரெண்டு இலை குடுங்க" என்று நிற்பார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்துபோய், டொக்டரம்மா என்ற நினைப்பில் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தேன். கடைசியில் வாசலில் இருந்த சட்டிகளில் வெறும் தண்டும் முள்ளும்தான் மிச்சம். செடி வாங்க வந்த ஒரு அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். ராஜுவுக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது.

"இலைய நாங்க தின்னுட்டோம், இனி முள்ள யாருக்குக்கா விக்கப் போறீங்க?"

பரம்பரை அறிவு

ஹெவ்லொக் டவுனிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கும் அதே பிரசங்கத்தை வைத்தேன். எங்கே படித்தீர் என்று கேட்டார். பரம்பரை அறிவு என்றேன். என் அப்பா வங்கியில் வேலை பார்த்தவர். பெரியவரோ ஓய்வுபெற்ற சித்த வைத்தியர்.

ஈறு நோவுக்கும் பிள்ளைகளின் சளிக்கும் இதைக் கொடுக்கிற வழக்கம் உண்டுதான் என்று அமைதியாகச் சொன்னார். ஆனால் பல்லுக்கு அடியில் சீழ் பிடித்திருந்தால் இலை வலியைக் கொஞ்சம் மறைக்கும், சீழை எடுக்காது என்றார். எனக்கு உடனே சுகந்தியின் கன்னம் ஞாபகம் வந்தது. கான்சல் பண்ணட்டோ என்று அவர் கேட்டபோது, வேண்டாம், கட்டாயம் போங்கோ என்று நான் சொல்லவில்லை. சும்மா சிரித்தேன். அவருடைய ஃபோன் நம்பர்கூட என்னிடம் இல்லை. பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"தெரியாதெண்டு சொல்லியிருந்தாலும் செடி வித்திருக்கும், பிள்ளை."

தண்ணீர் ஊற்ற வந்தவர்

அதன் பிறகு ஒழுங்கையில் யார் வந்தாலும் சுகந்தியோ என்று எட்டிப் பார்ப்பேன். ஒருநாள் வந்தது அவருடைய கணவர். முகம் வீங்கி, வாய் திறக்க முடியாமல், காய்ச்சலோடு சுகந்தியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இனிப் பயமில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். செம்முள்ளிக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது என்று கேட்கத்தான் அவர் வந்திருந்தார். "தம்பி, நான் சொன்னதைக் கேட்டுத்தானே..." என்று தொடங்கினேன். அவர் நாலு ஏச்சு ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"தெரியும் அக்கா. அவ உங்களைக் குறை சொல்லேல்லை, செடி வாடாமப் பாக்கச் சொன்னவ."

பக்கத்துக் கதிரை

சொன்னால் வெட்கம், அந்த இலையை நான் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. என் கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்கிய அன்றே பல் டொக்டரிடம் ஓடினேன். சேலைத் தலைப்பால் கன்னத்தை மூடிக்கொண்டு உட்கார இடம் தேடினால், மெலிந்துபோய் அங்கே இருக்கிறார் சுகந்தி. பழுதான பல்லைப் பிடுங்க வந்திருந்தார். திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவர் கண்டுவிட்டார். மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று நான் சொன்னது வலித்த வாய்க்குள்ளேயே குழைந்துபோயிற்று. அவர் பக்கத்துக் கதிரையில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்து எனக்கு இடம் விட்டார். பிறகு அங்கிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"ஏன் அக்கா, கடையில இலை முடிஞ்சுதோ?"

இப்போது யாராவது செம்முள்ளியைப் பற்றிக் கேட்டால், மஞ்சளாகப் பூக்கும், முள் குத்தும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதிலும் குத்தும் என்பதற்குத்தான் நான் முழு உத்தரவாதம்.