சராசரியில் தேறிய பிள்ளைகள்

தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், திட்டத்தில் கொடுத்த சத்துமாவில் பிள்ளைகள் எடை கூடினார்களா என்று பார்ப்பதுதான் என் வேலை. இதே வேலையில் தோள் காய்த்தவர்களே, மீதி உங்களுக்கே தெரியும்.

நல்ல பலன்

சிவகாசியில் ஓர் அச்சக முதலாளி வீடு. பேரன் நன்றாக எடை கூடியிருந்தான். மாவின் மகிமை என்று பூரித்துப்போய், எப்போது கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். நாயை எடை போட எனக்கு உத்தரவில்லை என்பதால், பையனின் அம்மா சொன்னதை நான் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "இவன் பாதாம் பால்தான் குடிப்பான். மாவை டாமிக்குக் கரைச்சு வைக்கிறோம், நல்லாத் திங்குது."

ஒரு பாக்கெட்

எம். புதுப்பட்டி முத்துலட்சுமி பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள். கடைக்குட்டி செல்விக்குத்தான் மாவு. மாதங்கள் போயும் செல்வி எடை கூடவில்லை. "சொன்ன அளவு கொடுத்தியாம்மா?" என்று அதிகாரமாகக் கேட்டேன். மூத்தது இரண்டும் அவள் பின்னால் நின்று என் பையையே பார்த்துக்கொண்டிருந்தன.

"மூணும் பசின்னு நிக்கையில இவளுக்கு மட்டும் எப்பிடிக்கா கரைச்சுக் குடுக்க? அதுக்கு எதும் வழி சொல்லியிருக்காகளா?"

பூட்டிய தெரு

அடுத்த முறை அந்தத் தெருவே பூட்டிக் கிடந்தது. தீபாவளி சீசன். விடியும்போதே கம்பெனி வேன் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பிள்ளைகள் எந்தெந்த உறவுக்காரர் வீட்டிலோ. சாயங்காலம் திரும்ப வரட்டுமா என்று மேற்பார்வையாளர் சாரிடம் போனில் கேட்டேன். திறந்திருந்தவை, அம்மாக்கள் வேலைக்குப் போகத் தேவையில்லாத மெயின் ரோட்டு வீடுகள் மட்டும்தான் என்றும் சொன்னேன்.

"பூட்டுன வீட்டோட எதுக்கும்மா மல்லுக்கட்டுறீங்க? தொறந்த வீட்டுல எடை போடுங்க. பிள்ளைன்னா பிள்ளைதானே."

வெற்றிக் கூட்டம்

விருதுநகரில் கூட்டம். எல்லா எடையையும் கூட்டி வகுத்ததில் வட்டாரமே தேறிவிட்டது. வசதியுள்ள வீடு, இல்லாத வீடு என்று தனித்தனியாகப் பார்க்கலாமா என்று கேட்டுவைத்தேன். சார் முந்திரியை மென்றுகொண்டே சொன்னார்: "பிரிச்சுப் பாத்தா நல்லா வந்த சராசரி கெட்டுப்போகுமேம்மா."

மாவு நின்றது

பிள்ளைகள் தேறிவிட்டதால் மாவு இனி கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துலட்சுமி வீட்டுக்குப் போய் அதைச் சொன்னேன். செல்வி அவள் இடுப்பில் இருந்தாள். பிள்ளை தேறவில்லை என்று பார்க்கத் தராசு தேவைப்படவில்லை. முத்துலட்சுமி கோபப்படவில்லை. சந்தேகம் மட்டும் கேட்டாள்.

"தேறிட்டாகன்னா சந்தோசந்தான். எம்புள்ளைக்கு யாரு எடையைக்கா போட்டீக?"

வசதியான பிள்ளைகள் கூடிய எடையை இல்லாத பிள்ளைகளுக்கும் சரிசமமாகப் பங்கு வைத்த ஒரே இடம் எங்கள் அறிக்கைதான்.