வெறுங்கால் நேர்த்தி

அண்ணி செத்த பிறகு அண்ணர் வெள்ளவத்தையில் என்னோடுதான் இருக்கிறார். இருபது வருசமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. பெருவிரலுக்குக் கீழே வந்த புண் ஒன்று ஆறவே மாதக்கணக்காகியது. கிளினிக்கில் நர்ஸ் ஒரு நைலோன் இழையால் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டுக் கேட்டாள். பாதி இடத்தில் அவருக்குத் தெரியவேயில்லை.

"விரலெல்லாம் வளைஞ்சிருக்கு, உணர்ச்சியும் இல்லை. ஒருக்காப் புண் வந்த கால், திரும்பவும் வரும் ஐயா. வீட்டுக்குள்ளயும் செருப்பில்லாமல் நடக்காதேங்கோ. இனியொரு புண் வந்தால் கால் தப்பாது."

"ஓம் பிள்ளை" என்று நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து என்ன செய்தார் தெரியுமா? கனடாவில் மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனால் வெறுங்காலில் முருகன் தேருக்குப் பின்னால் நடப்பதாக நேர்ந்துவிட்டார். பிரசவமும் சுகமாக நடந்தது.

தேரன்று அரைநாள் லீவு போட்டுவிட்டு ஓடி வந்தேன். கதவடியில் பட்டு வேட்டியோடு நின்றார். வெளியே, காலிக்குப் போகும் பெருந்தெருவில் தார் கொதிக்கிறது.

"செருப்பைப் போடுங்கோ."

"சாமிக்குப் பின்னால செருப்போ? விசரோ உனக்கு?"

வழியை மறித்தேன். பளாரென்று கன்னத்தில் அறைந்தார். ஐம்பத்தெட்டு வயதில் அடி வாங்குகிறேன்! எனக்குக் கண்மண் தெரியவில்லை. சால்வையைப் பிடித்துக் கதவோடு அழுத்தி, காலில் போட்டிருந்த சப்பாத்தின் குதியால் அவருடைய வலது காலில் ஓங்கி மிதித்தேன். நொந்தாலாவது நிற்கட்டும் என்ற வெறி. மனிதர் முகம்கூடச் சுழிக்கவில்லை. என் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார். சுவரில் தலை அடிபட்டு விழுந்தேன். அவர் படியிறங்கிவிட்டார்.

"போய்ச் சாகுங்கோ!" என்று கத்தினேன். எதிர்வீட்டுச் சிங்கள அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

மத்தியானம் வெற்றியோடு திரும்பினார். "பாத்தியே? ஒரு சூடும் தெரியேல்லை. முருகன் தாங்கினவர்." பக்கத்து வீடுகளிலும் அதையே சொல்லிப் புல்லரித்தார்கள். நான் அவரோடு கதைக்கவில்லை. அந்தக் காலைத் திரும்பியும் பார்க்கவில்லை. நாலு நாள் அப்படியே வீம்பில் இருந்தேன்.

ஐந்தாம் நாள் அவருடைய அறைக்குள் நாற்றம் தாங்க முடியவில்லை. போர்வையை இழுத்தேன். உள்ளங்காலில் கொப்புளங்கள் உடைந்து கிடந்தன. மேற்பக்கம் கறுத்து, விரல்களுக்கிடையில் சீழ் வடிந்தது. ஐயோ கடவுளே, அவர் காய்ச்சலில் அனுங்கினாரே தவிர, கால் நோகிறது என்று ஒரு சொல் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்தார்.

"முழங்காலுக்குக் கீழ எடுக்கத்தான் வேணும். அடிப்பாதம் வெந்தது தாரில. மேல எலும்பு உடைஞ்சிருக்கே, என்ன விழுந்தது?"

"ஒண்டும் விழேல்லை" என்றார் அண்ணர்.

வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

"நான்தான் மிதிச்சனான்."

அண்ணர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபமே இல்லை.

"எப்பயடா?" என்று கேட்டார்.