நெதர்ஹாலோ கடைக்காரி

பாரிசில் பதினொரு வருடம், பிறகு லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஆறு வருடம் இருந்தவள் வசந்தமலர். அக்கா கமலேஸ்வரியின் வீடு பக்கத்துத் தெருவில். விம்பிள்டன் கோயிலுக்குப் பஸ், மற்ற இடங்களுக்கு ட்யூப் ரயில். கார் ஓட்டத் தெரியாதது அவளுக்கு ஒரு குறையாகவே தோன்றியதில்லை. கைப்பையை எடுத்தால் புறப்பட்டுவிடுவாள்.

கணவர் யோகலிங்கம் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்து அலுத்துப்போனவர். சொந்தமாக ஒரு கடை வேண்டுமென்று அலைந்தார். லண்டனில் அமையவில்லை, வில்ட்ஷர் பக்கம் நெதர்ஹாலோ என்ற சின்னஞ்சிறு கிராமத்தில் அமைந்தது. கீழே கடை, அதன் மூலையில் தபால் கந்தோர், மேலே வீடு. இருவர் பெயரிலும் நீண்ட குத்தகை எழுதினார்கள்.

ஊர் அழகாகத்தான் இருந்தது. கல்வீடுகள், ஒரு தேவாலயம், மூடிக்கிடந்த ஒரு பப், சுற்றிவர பார்லி வயல்களும் செம்மறிகளும். ஆனால் அவர்கள் வந்த குளிர்காலத்திலேயே ஒரேயொரு பஸ்ஸும் நின்றுபோனது. யோகலிங்கம் சாமான் எடுக்க வான் வண்டியில் போய்விடுவார். யாராவது கடையில் நிற்க வேண்டும். அந்த யாராவது எப்போதும் வசந்தமலர்தான்.

சனங்கள் நல்லவர்கள். முட்டை கொண்டுவந்து தருவார்கள், தோட்டத்து அப்பிள் தருவார்கள். 'மிஸிஸ் யோகா' எத்தனை மணிக்கு எழும்புகிறாள், எப்போது திரைச்சீலையை இழுக்கிறாள் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். அவளுடைய பெயர் வசந்தமலர் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

இரண்டாவது வருடம் அக்காவின் மகள் கோசிகாவுக்குக் கலியாண எழுத்து, அதாவது பதிவுத் திருமணம், வந்தது.

"தபால் கந்தோரைப் பூட்டேலாது வசந்தி. நீர் யோசிச்சுப் பாரும்" என்றார் யோகலிங்கம்.

அன்று அவள் எழுத்தை அடுக்களையில் நின்றபடி போனில் பார்த்தாள். படம் நடுவில் நின்று நின்று வந்தது.

அடுத்த நாள் காலை வான் புறப்பட்டதும் கடையைப் பூட்டிவிட்டு நடக்கத் தொடங்கினாள். ரயில் நிலையம் நடந்து போகிற தூரமில்லை என்று தெரியும். இருந்தாலும் நடந்தாள். ஒரு கார் மட்டுமே போகக்கூடிய பாதை. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் செடிவேலி. வாகனச் சத்தம் கேட்டால் தொட்டால் எரியும் காஞ்சோண்டிப் பற்றைக்குள் ஒதுங்க வேண்டும். கால் எரிந்தது.

பாதிரியாரின் மனைவி காரை நிறுத்தினாள். "ஐயோ, மிஸிஸ் யோகா! இந்தப் பாதையில் நடக்கலாமா? ஏறுங்கள், வீட்டில் விடுகிறேன்."

வசந்தமலர் மறுக்காமல் ஏறினாள். கடை வாசலில் இறக்கிவிட்டபோது நன்றியும் சொன்னாள். அங்கே இரண்டு பேர் காத்துக்கொண்டு நின்றார்கள். கதவைத் திறந்து, தபால் முத்திரையும் பாலும் கொடுத்து அனுப்பினாள். பிறகு திரும்பவும் பூட்டிவிட்டு நடந்தாள்.

இந்த முறை நிறுத்தியது செம்மறி வளர்க்கும் ஹிலரி. நாய் மணக்கும் பழைய ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்து, "எங்கே போக வேண்டும்?" என்று கேட்டாள்.

அந்த ஊரில் அவளிடம் ஒருவரும் கேட்டிராத கேள்வி. வசந்தமலர் கதவைத் திறந்து ஏறினாள். "லண்டன்" என்றாள். ஹிலரி வேறொன்றும் கேட்காமல் நிலையத்தில் கொண்டுபோய் விட்டாள்.

கதவைத் திறந்த கமலேஸ்வரி திகைத்துப்போனாள். "என்னடி, வீட்டுச் செருப்போட வந்து நிக்கிறாய்?"

சோறு போட்டுக் கொடுக்கும்போதே போன் அடித்தது.

"வசந்தி, எங்க நிக்கிறீர்? சனமெல்லாம் தேடுது!"

"அக்கா வீட்ட."

"ஒரு சொல்லுச் சொல்லாமல் போறதே?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பியளே?"

 அவளே தொடர்ந்தாள். "சனிக்கிழமை வாறன். ஆனா இனிப் புதன்கிழமை நான் கடையில நிக்கமாட்டன். காலமை ஸ்டேஷனில கொண்டுபோய் விடுங்கோ."

"அப்ப சாமான் ஆர் எடுக்கிறது?"

"அது எனக்குத் தெரியாது."

"இஞ்சயே நில்லன்" என்றாள் அக்கா. இரவெல்லாம் அதைத்தான் அவளும் யோசித்தாள். முன்பு பக்கத்துத் தெருவில் அவர்கள் இருந்த வீட்டு ஜன்னலில் இப்போது வேறு யாருடையவோ திரைச்சீலை. குத்தகையில் அவளுடைய கையெழுத்தும் இருந்தது.

சனிக்கிழமை நிலையத்தில் யோகலிங்கம் சவரம் செய்யாத முகத்தோடு காத்திருந்தார். வான் செடிவேலிகளுக்கு நடுவே புகுந்ததும் சொன்னார்.

"எனக்கும் இஞ்ச ஆருமில்லை வசந்தி. ரெண்டு பேரும் ஒண்டா மாட்டுப்பட்டுப் போனம்."

"ஓம்" என்றாள் அவள்.

இப்போது புதன்கிழமைகளில் அவர் கடையில் நிற்கிறார். அவள் காலை ரயிலில் போய், அக்காவோடு கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் அலைந்துவிட்டுப் பின்னேர ரயிலில் திரும்பிவிடுகிறாள். மாரிகாலத்தில் பக்கத்து ஆறு பெருகிப் பாதை மூடிவிட்டால் அந்தப் பயணமும் இல்லை. அப்படியான புதன்கிழமைகளில் யோகலிங்கம் தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைக்கிறார். இருவரும் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.