நார்வே ஆட்டமெட்டும் மரத்த சுண்டுவிரலும்

முதலில் தவறியது என் இடது கைச் சுண்டுவிரல். அறுபதுகளின் கடைசி. தருமபுரியில் கன்னியர் நடத்திய பள்ளி ஒன்றில் நான் பாட்டு டீச்சர். ஊர் திரும்பிய வெளிநாட்டு சிஸ்டர் ஒருவர் விட்டுப்போன பியானோவும் இசைப் புத்தகமும் என் பொறுப்பில் இருந்தன. புத்தகத்தில் இருந்தவை நார்வே நாட்டு இசையமைப்பாளர் ஒருவரின் சின்னஞ்சிறு பியானோ துண்டுகள். தன் நாட்டுக் குடியானவர்களின் ஆட்டமெட்டுகளை ஒன்றிரண்டு பக்கங்களுக்குள் அடக்கியிருந்தார். நான் விரும்பி வாசித்த துண்டில் இடது சுண்டுவிரல் கீழே ஒரே சுரத்தைச் சுருதிபோல் பிடித்திருக்க, வலக்கை மேலே துள்ளும்.

அன்று அந்த விரல் பக்கத்துக் கட்டையில் விழுந்திருந்தது. அபசுரம் காதுக்குக் கேட்டது. விரலுக்குத் தெரியவில்லை.

ஒரு மாதம் அதைக் கைச்சோர்வு என்று மறைத்தேன். பிறகு ஒருநாள் நான் அடுப்பிலிருந்து பால் சட்டியை இறக்கும்போது தம்பி மனைவி மேரி சொன்னாள்: “அக்கா, வெரலு வேவுதுங்க. நாத்தம் அடிக்குது. உங்களுக்குத் தெரியலீங்களா?”

என் சதை கருகும் நாற்றத்தை அப்போதுதான் முகர்ந்தேன். 

டாக்டர் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார். எங்கே தொட்டார் என்று சொல்ல முடியவில்லை. முழங்கையில் நரம்பு கயிறுபோல் தடித்திருந்தது.

“தொழுநோய்ங்கம்மா. மாத்திரை இருக்குது, கொணமாயிடும். ஆனா செத்த நரம்பு திரும்பாதுங்க.”

பள்ளியில் மறுநாளே என்னை வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மேரி என் தட்டைத் தனியே கவிழ்த்து வைத்தாள். அருவருப்பாக இருந்தது. நான் செய்தது அதைவிட அருவருப்பு. மருந்து வரிசையில் சித்தேரி மலைக்காரர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாதப் புண்ணில் ஈ மொய்த்தது. முந்தானையால் மூக்கைப் பொத்தி நகர்ந்தேன்.

“நவுந்துக்கங்கம்மா. எனக்கே நாத்தம் தாங்கலீங்க,” என்றார் சாதாரணமாக.

 நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே கூசுகிறது.

டாப்சோன் (தொழுநோய்க் கிருமியை ஒடுக்கும் மாத்திரை) ஐந்தாண்டு விழுங்கினேன். நடுவில் எதிர்வினை (நரம்பு திடீரென வீங்கி வலிப்பது) வந்து மோதிரவிரலும் மடங்கியது. கடைசியில் தோல் கீறல் பரிசோதனையில் (காதுமடலைக் கீறிக் கிருமி தேடுவது) எதுவும் இல்லை.

இதே நோய் கண்டவர்களுக்குச் சொல்கிறேன்: மரத்த இடத்தை மறைக்காதீர்கள். நான் மறைத்த அந்த மாதத்தை எந்த மாத்திரையும் திருப்பித் தரவில்லை.

நோய் தீர்ந்ததற்கான சான்றிதழோடு பள்ளிக்குப் போனேன். தலைமை சிஸ்டர் அதைக் கையில் வாங்கவில்லை. மேசைமேல் வைக்கச் சொல்லிப் படித்தார்.

“வேலை குடுக்க முடியாதுங்க டீச்சர். பெத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க. வேணும்னா பிள்ளைங்க போன பொறவு கொஞ்ச நேரம் வாசிச்சிட்டுப் போங்க.”

அன்று பள்ளி விட்டதும் பியானோ முன் உட்கார்ந்தேன். வாசலில் கூட்டிப் பெருக்கும் அம்மாள் பினாயில் வாளியும் துணியுமாக வந்து நின்றாள்.

“நீங்க எந்திரிச்சதும் தொடைக்கச் சொன்னாங்க,” என்றாள், என்னைப் பார்க்காமல்.

 எழவில்லை. கீழ்ச் சுரத்தைக் கட்டைவிரலுக்கு மாற்றிக்கொண்டேன். மடங்கிய விரல்கள் எங்கே இருக்கின்றன என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். பார்க்காதபோது அவை என்னுடையவை இல்லை. இரண்டு நிமிட ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் ஆனது. முடித்ததும் அந்த அம்மாள் துணியைப் பிழிந்தாள்.

நான் பக்கத்தைத் திருப்பி, அடுத்த துண்டைத் தொடங்கினேன்.