அழித்துக் காட்டிய படங்கள்

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள் அவருடைய போன் அடித்தது. எடுத்தேன்.

"அங்கிள், நான் ரஞ்சனி. காட்டூர். முக்கொம்புல என்னையும் ஆசீரையும் போட்டோ எடுத்தீங்களே, அந்தப் படம் உங்ககிட்ட இருக்குமா?"

அப்பா இறந்துவிட்டார் என்றேன். "ஐயோ," என்றாள். பிறகு, "ஆசீரும் போயிட்டாருங்க அக்கா. துவாக்குடிகிட்ட, பைக்ல," என்றாள்.

வீட்டில் தெரிந்துவிடுமோ என்று பயந்து, போனில் இருந்த படங்களையெல்லாம் அவளே அழித்திருக்கிறாள். இறுதிச் சடங்குக்கும் போக முடியவில்லை. அவன் வீட்டில் அவளை யாருக்கும் தெரியாது.

பார்க்கிறேன் என்றேன்.

அப்பா பெயர் அம்மாசி. முக்கொம்பு அணைப் பூங்காவில் ஜோடிகளைப் படம் எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஸ்ரீரங்கம் மேலூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் நிற்பார். கல்யாண வேலைகளை ஒப்புக்கொள்ளமாட்டார். மேடையில் எல்லாரும் விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பார். முக்கொம்பிலும் விறைப்பார்கள். ஆனால் அங்கே அவரால் பேச முடியும்.

"தம்பி, கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்க வந்த மாதிரி நிக்கிறீங்களே. கொஞ்சம் பக்கத்துல போங்க. பாப்பா, அவரு கடிக்கமாட்டாரு."

அவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு முடிந்து, முகம் இயல்புக்குத் திரும்புகிற நேரத்தில் எடுப்பார்.

அம்மாவுக்கு இதில் ஒரு குறை உண்டு. "ஊர்ல உள்ள ஜோடியெல்லாம் ஒட்டி ஒட்டி நிக்க வைக்கிறாரு. என் பக்கத்துல உக்காரச் சொன்னா, வேர்க்குதுன்னு ஃபேனுக்கு அடியில போயிடுவாரு."

ஒரு காலத்தில் மாதிரிக்காகச் சில படங்களை அட்டையில் ஒட்டி மதகுப் பக்கம் வைத்திருந்தார். அதில் ஒரு பெண்ணை அவளுடைய சித்தப்பா பார்த்துவிட்டார். அந்த வாரமே காலேஜிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவளுடைய தோழி வந்து சொல்லித்தான் அப்பாவுக்குத் தெரியும். அன்றைக்கு அட்டையிலிருந்த படங்களைக் கிழித்தார். பிறகு அதில் கொக்குப் படங்கள்தான் இருந்தன.

அதிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. படத்தை அவர்கள் போனுக்கு அனுப்புவார். அவர்கள் கண்முன்னாலேயே கேமராவிலிருந்து அழிப்பார். திரையைத் திருப்பிக் காட்டுவார். "பாத்துக்கங்க. காலி." அவரைத் தேடி ஜோடிகள் வந்ததற்கு அதுவே காரணம்.

நான் வேலை பார்ப்பது தகவல் சேமிப்புக் கருவிகளைச் சோதிக்கும் நிறுவனத்தில். கேமராவில் ஒரு படத்தை அழித்தால் படம் போவதில்லை. அது இருக்கும் இடம் காலி என்று குறித்துவைக்கப்படும், அவ்வளவுதான். வேறு படம் அதன்மேல் பதியும்வரை பழையது அங்கேயே கிடக்கும். அப்பாவின் கேமராவில் இருந்த மெமரி கார்டு பெரியது. அதில் எத்தனையோ பேர் இன்னும் இருப்பார்கள். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது.

அம்மாவிடம் சொன்னேன்.

"வேண்டாம் ராணி. அழிச்சுட்டேன்னு அவரு சொன்னத நீ எடுத்துக் குடுத்தா, அவரு வாக்கு என்னத்துக்கு ஆவுறது?"

"எடுக்காட்டாலும் உள்ளதாம்மா இருக்கு."

அம்மா அப்பாவின் கேமராப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ண வரச் சொல்லு," என்றாள்.

ரஞ்சனி மறுநாள் வந்தாள். தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் வேலை. யூனிஃபார்மோடு வந்திருந்தாள். அவர்கள் முக்கொம்புக்குப் போன தேதியைக் கேட்டேன். ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த தேதி பதிந்திருக்கும். மற்ற எதையும் திறக்காமல், அந்தத் தேதியை மட்டும் பிரித்து எடுக்கச் சொல்லி லேப்டாப்பில் ஓடவிட்டேன். அவளைப் படம் எடுத்த பிறகும் அப்பா சில நாள் வேலைக்குப் போயிருக்கிறார். அதன்மேல் வேறு படம் பதிந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதை அவளிடம் முதலிலேயே சொன்னேன்.

அன்றைய முதல் படம் தானாகத் திறந்தது. ஒரு உள்ளங்கை.

வேலை தொடங்குமுன் வெளிச்சம் பார்க்க அப்பா தன் இடது கையை நீட்டி ஒரு படம் எடுப்பார். திரையில் பார்த்து அளவைச் சரிசெய்துகொள்வார். அந்தக் கை. பின்னால் மங்கலாக ஆறு.

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அம்மா அருகில் வந்து குனிந்தாள். "பெருவிரல் கிட்ட பாரு. தேங்கா உடைக்கிறப்ப வெட்டுனது," என்றாள்.

ரஞ்சனி அவசரப்படுத்தவில்லை.

அவர்கள் போனது வெயில் தாழ்ந்த பிறகு. அந்த நேரத்துப் படத்தை மட்டும் திறந்தேன். மேல்பாதி வந்தது. மரக்கிளை, வானம், இரண்டு முகங்கள். ஆசீர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரித்து முடித்த முகம். தோளுக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

"கை கோத்துக்கிட்டு இருந்தோம்," என்றாள்.

"அந்தப் பாதி போயிடுச்சு. வராது."

"முகம் இருக்குல்ல. போதும் அக்கா."

துப்பட்டாவால் வாயை அழுத்திக்கொண்டாள். அம்மா அவள் முதுகில் கை வைத்தாள். சற்று நேரம் கழித்துத்தான் ரஞ்சனிக்கு அது தோன்றியிருக்க வேண்டும். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எங்களுக்கும் அழிச்சுக் காட்டினாரே. அப்ப எல்லாரோடதும் இதுல இருக்கா?"

"இருக்கு."

"அங்கிளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"என்னைப் பத்திக் கவலையில்ல இனிமே. மத்தவங்க..." என்று நிறுத்தினாள்.

படத்தை அவள் போனுக்கு அனுப்பினேன். லேப்டாப்பில் இருந்ததை மீட்க முடியாதபடி நீக்கினேன். கார்டை முழுவதுமாகத் துடைக்க, முதலிலிருந்து கடைசிவரை எல்லா இடத்திலும் வெறுமையை எழுத வேண்டும். எழுதினால் என்னாலும் எதையும் மீட்க முடியாது. தொடங்குவதற்கான பொத்தான்மேல் விரல் நின்றது.

"அந்தக் கையை எடுத்து வச்சுக்க," என்றாள் அம்மா. "அதுல வேற யாரும் இல்லையே."

எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு தொடங்கினேன்.

நேரம் பிடித்தது. அம்மா காபி போட்டாள். ரஞ்சனி பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள். முடிந்ததும் மீண்டும் தேடிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னொரு முறை தேடினேன். கார்டைக் கேமராவில் போட்டு, திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

"பாத்துக்கங்க," என்றேன். "காலி."

அவள் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.