கண் வைக்கிற பக்கம்

போன வாரம் தம்பி மகன் கூரியரில் ஒரு தாள் வரவழைத்திருந்தான். சூரியனைப் பார்க்கிற பில்டராம். வெள்ளிக் காகிதம் மாதிரி பளபளத்தது. பல்புக்கு நேரே பிடித்து ஊசிமுனை ஓட்டை ஏதும் இருக்கிறதா பார் என்றேன். பார்த்தான். பிறகு கத்தரிக்கோலும் பைனாகுலருமாக உட்கார்ந்து, "அத்த, இத கண்ணு வெக்கிற பக்கம் ஒட்டிடவா?" என்றான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நான் சத்தமே போடாத ஆள். இதை என் வீட்டுக்காரரிடம் விசாரிக்க வேண்டாம்.

முன்பக்கம்தான் ஒட்ட வேண்டும். பெரிய கண்ணாடி இரண்டையும் முழுக்க மூடி, காற்றடித்தாலும் கழன்று விழாதபடி. வெயிலை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும். உள்ளே நுழைந்து ஒரு புள்ளியில் குவிந்து வந்த பிறகு எதைக் கொண்டு மறைத்தாலும் தாங்காது. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ஒரு நாற்றத்தில் தெரிந்துகொண்டேன்.

நாற்றம் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது தேரடித் தெருவில் நாங்கள் வேலை பார்த்த கலர் லேப்தான். படி ஏறும்போதே கெமிக்கல் மூக்கைப் பிடிக்கும். பி.எஸ்சி. முடித்துவிட்டு நான் கவுன்டரிலும் பிரிண்டிலும் இருந்தேன். கல்யாணங்களுக்குப் படமெடுக்கப் போகிறவர் பாபு அண்ணன். கழுவிய பிலிமின் முனையில் வெளிச்சம் பட்டுக் கறுத்த துண்டு ஒன்று மிஞ்சும். அதை வெட்டி டப்பாவில் போட்டு வைப்போம். தொண்ணூற்றைந்தில் சூரிய கிரகணம் என்றதும் அந்த டப்பாவுக்கு வந்த மவுசு இருக்கிறதே! கீழ்பென்னாத்தூரிலிருந்தெல்லாம் வந்து கேட்டார்கள். நானும் மகராசியாக அள்ளிக் கொடுத்தேன். பைனாகுலர் இல்லாமல் வெறும் கண்ணில் வைத்துப் பார்க்கக்கூட அது ஆகாது என்று எனக்குத் தெரியாது. கறுப்பு என்றால் கறுப்புதானே என்றிருந்தேன். பிலிமிலேயே புழங்குகிறவர்களுக்கு வருகிற மிதப்பு அது.

தீபாவளிக்கு மறுநாள் காலை கிரகணம். தெருவில் வெடித்த காகிதம் மட்டும்தான் கிடந்தது, ஆளில்லை. லேப் மொட்டைமாடியில் பாபு அண்ணன் பைனாகுலரை ஸ்டாண்டில் கட்டிவிட்டு, நல்ல கறுப்பாகத் துண்டு கேட்டார். எடுத்துப் போனேன். முன்பக்கக் கண்ணாடி பெரியது, பிலிமின் அகலம் பத்தவில்லை. கண் வைக்கிற பக்கத்துக்கோ அளவெடுத்து வெட்டியது போல இருந்தது.

"இந்தப் பக்கம் ஒட்டிடலாம்ணா. கரெக்டா இருக்கு."

சொன்னதும் நான். இரண்டு துண்டாக அடுக்கி டேப் போட்டு ஒட்டியதும் நான்.

அவர் வலது கண்ணை வைத்தார். மூன்று நொடி இருக்கும். பிளாஸ்டிக் பொசுங்கும் நாற்றம் வந்தது, அவர் தலையை இழுத்துக்கொண்டார். பிலிமில் கடுகளவு ஓட்டை. வலியே இல்லை, ஒன்றும் ஆகவில்லை என்று சிரித்தார். வலிக்காது என்பதுதான் அதில் பயங்கரம். அதுவும் பிறகு தெரிந்ததுதான்.

அடுத்து அவர் எடுத்து வந்த கல்யாண ரோலைப் பிரிண்ட் போட்டேன். பெண்ணின் முகம் மங்கல், பின்னால் தொங்கிய சீரியல் பல்பு பளிச்சென்று இருந்தது. ஏதோ ஒன்று தவறியிருக்கும் என்று அடுத்ததைப் பார்த்தேன். முப்பத்தாறு படமும் அப்படியே. வேலூரில் டாக்டர், நேராகப் பார்க்கிற இடத்திலேயே சுட்டிருக்கிறது, ஆறாது என்றாராம். போகஸ் பண்ணுகிற கண் அது. அவருக்கு அதுதான் சோறு. கொஞ்ச காலம் ஆர்டர் கம்மியானது. பிறகு இடது கண்ணுக்குப் பழகிக்கொண்டார். மூக்கு கேமராவில் நசுங்கும், மாப்பிள்ளை வீட்டார் கிண்டலடிப்பார்கள். என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் மன்னிச்சிடுங்கண்ணா என்று சொல்லவில்லை. வெட்கம் ஒரு பாதி, வேலை போய்விடும் என்ற பயம் மறு பாதி.

நான்கு வருஷம் கழித்து இன்னொரு கிரகணம், இந்த முறை சாயங்காலத்தில். மறுபடி துண்டு கேட்டு ஆள் வந்தார்கள். கவுன்டரில் பாபு அண்ணன் நின்றுகொண்டு, பிலிம் கிடையாது, என் கண் போனதே அதனால்தான், அட்டையில் ஊசியால் ஓட்டை போட்டு வெயிலைத் தரையில் விழவிட்டுப் பாருங்கள் என்று எல்லோரையும் திருப்பி அனுப்பினார். அடி அண்ணாமலைக்காரர் ஒருவர் விடவில்லை. கண் போய்விட்டது என்கிறீர்களே, உங்களுக்கு யார் கொடுத்தது என்று கேட்டார்.

"யாரும் குடுக்கலங்க. நானே வெட்டி நானே ஒட்டிக்கினேன்."

பிரிண்டிங் ரூம் கதவு திறந்துதான் இருந்தது. நான் உள்ளே இருப்பது அவருக்குத் தெரியும். எழுந்து போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். டிரையரிலிருந்து விழுந்த படங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

லேப் இருந்த மாடியில் இப்போது செல்போன் கடை. டப்பா இல்லை, கெமிக்கல் இல்லை, படம் வந்துவிட்டதா என்று மூன்று நாள் படியேறி வருகிறவர்கள் இல்லை. போன் தானாகவே போகஸ் பண்ணிக்கொள்கிறது, யார் கண்ணும் தேவையில்லை. பாபு அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

தம்பி மகன் தாளை முன்பக்கம் ஒட்டி, நான் இரண்டு முறை ஆட்டிப் பார்த்த பிறகுதான் சூரியனைப் பார்த்தான். ஆரஞ்சுப் பழம் மாதிரி இருக்கிறது என்று குதித்தான். இதெல்லாம் உனக்கு யார் சொன்னது அத்தை என்று கேட்டான்.

"யாரும் சொல்லல. ஒரு போட்டோகிராபருக்கு நான் தப்பான பக்கம் ஒட்டிக் குடுத்துட்டேன்" என்றேன்.

இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆனது. கேட்க வேண்டியவர் இல்லை.