உப்புக்குழி அம்மனும் ஒரு வெட்டு மேசையும்

1979 ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை, தளியிலிருந்து ஓசூருக்கு வந்த முதல் பஸ்ஸில் வீரலட்சுமி வந்து இறங்கினாள். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. சிப்காட்டில் வண்டிகளுக்கு வயர் கட்டுகள் தயாரிக்கும் கம்பெனி ஒன்று பெண்களை வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. ஆணிகள் அடித்த பலகை ஒன்றைக் காட்டி, அந்த ஆணிகளுக்கு நடுவே வண்ண வயர்களை ஓட்டி, சேர்த்துக் கட்டி, முனைகளில் பித்தளைக் கிளிப்பு அழுத்தச் சொன்னார்கள். ஒரு வயர் மாறினாலும் ஹாரனை அழுத்தும்போது விளக்கு எரியும். வீரலட்சுமிக்கு அது சீக்கிரமே பிடிபட்டது. ஒரு மாதம் போனதும் பலகையைப் பார்க்காமலே கட்டினாள்.

அந்தக் கால ஓசூரில் காலை எட்டு மணிவரை பனி விலகாது. கம்பெனி பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டே வரும். ஸ்வெட்டருக்கு மேல் யூனிஃபார்ம் கோட்டை மாட்டிய பெண்கள் ஜன்னலோரம் கன்னடத்திலும் பின் சீட்டில் தெலுங்கிலும் வம்பு பேசுவார்கள். டிரைவரைத் திட்ட மட்டும் எல்லோருக்கும் தமிழ். வீரலட்சுமி அந்தப் பஸ்ஸில் பதினெட்டு வருஷம் போய்வந்தாள். பின்னாளில் ஓசூர் என்று யாராவது சொன்னால் அவளுக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஊரல்ல, அந்தப் பஸ்ஸின் டீசல் வாடையும் யாரோ ஒருத்தி தலையில் வைத்திருந்த பட்டன் ரோஜாவின் வாசனையும்தான்.

அதே பஸ் நிறுத்தத்தில்தான் தீர்த்தகிரியைப் பார்த்தாள். வேப்பனப்பள்ளிக்காரன், லாரி பாடி கட்டும் இடத்தில் கேஸ் நெருப்பால் இரும்புத் தகடு வெட்டும் கட்டிங் வேலை. அவன் போட்டிருந்த பேண்ட் முழுக்கத் தீப்பொறி பட்ட ஓட்டைகள். பெண் கேட்டு வந்த நாளிலும் அதே பேண்ட்தான். “மாப்பிள்ளைக்கு வேற துணி இல்லியா?” என்று அவள் அப்பா கேட்டதற்கு, “நாளைக்கு வாங்கினாலும் நாளான்னைக்கி ஓட்டையாயிடும் மாமா” என்றான். அப்பா சிரித்துவிட்டார். கல்யாணம் நடந்தது. பிறகு பாகலூர் ரோட்டில் ஒரு ஷெட் பிடித்தான். சாக்பீஸால் கோடு போட்டு, மூச்சை ஒரு தடவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கோட்டின்மேலேயே நெருப்பு கக்கும் டார்ச்சை நடத்திக்கொண்டு போவான். வெட்டிய ஓரத்தைத் தடவிப் பார்க்கிறவர்கள் மறுபடி ஒருமுறை தடவுவார்கள்.

1994-ல் அவன் வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டீ டம்ளர் ஆடியது, பிறகு டார்ச் ஆடியது. பெங்களூரில் பெரிய டாக்டரைப் பார்த்தார்கள். மருந்து குறைக்கும், போக்காது என்றார் அவர். தகடுகளின் ஓரம் ரம்பம் போல ஆனது. கிரானைட் அறுக்கும் இயந்திரங்கள் செய்யும் கம்பெனி ஒன்றுதான் அவனுக்குப் பெரிய வாடிக்கை. அங்கிருந்து தகடுகள் திரும்பி வரத் தொடங்கின. வீரலட்சுமியின் அண்ணன் முனிவேல் நல்ல எண்ணத்தோடு ஒரு காக்கிச் சட்டையும் விசிலும் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை பேசி வைத்திருந்தான். சட்டை ஷெட்டில் ஆணியில் தொங்கியது. தீர்த்தகிரி அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

யோசனை வந்தது வீரலட்சுமிக்குத்தான். அவள் வேலை செய்த வயர் கம்பெனியில், சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் அறையில் பில் அடிக்கும் பிரிண்டர் ஒன்று கரகரவென்று ஓடும். அதைப் பழுது பார்க்க அத்திப்பள்ளியிலிருந்து கரியப்பன் என்கிற இளைஞன் வருவான். ஒருநாள் அவன் மூடியைத் திறந்து வைத்திருந்தபோது, உள்ளே தலை இப்படியும் அப்படியும் கோடு பிசகாமல் போய்வருவதை அவள் நின்று பார்த்தாள்.

“கரியப்பா, இந்தத் தலையில ஊசிக்குப் பதிலா டார்ச்ச மாட்டினா?”

“அக்கா, இது காகிதத்ததான் தின்னும். இரும்பத் தின்ன வெக்கறீங்களா?” என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஸ்குரூ டிரைவரால் காதைச் சொறிந்தான். “பெரிய மோட்டாரு வேணும்” என்றான்.

அன்று சாயங்காலம் ஷெட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள்.

“பிரிண்டரா? நான் வெட்டறது கால் இன்ச் தகடு. கல்யாணப் பத்திரிகையில்ல.”

“உங்க கை நடுங்குது. அதுக்கு நடுங்காது.”

வீட்டில் அதுவரை யாரும் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னதில்லை. தீர்த்தகிரி எழுந்து வெளியே போனான். எதிரே நாகம்மாவின் இட்லிக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தான். “மோட்டாரு எங்க கெடைக்கும்?” என்றான்.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டுச் சந்துகளில் கிடைத்தது. கழித்துப் போட்ட பெரிய பிரிண்டர்களின் மோட்டார்கள். ஏதோ ஒரு ஆபீஸ் தூக்கிப் போட்ட கம்ப்யூட்டரும் அங்கேயே கிடைத்தது, பச்சை எழுத்துத் திரை. சிப்காட்டில் மூடிய கம்பெனி ஒன்றின் ஏலத்தில், மின்பொறியால் இரும்பை வெட்டும் பழைய பிளாஸ்மா மெஷின் வந்தது. காற்றும் கரண்டும் இருந்தால் போதும், நெருப்புக்குச் சிலிண்டர் வேண்டாம். தீர்த்தகிரி பழைய இரும்புச் சேனல்களைப் பற்றவைத்துக் கட்டில் அளவுக்கு ஒரு மேசை கட்டினான். பொறியும் புகையும் அடங்க அடியில் தண்ணீர்த் தொட்டி. மேலே டார்ச்சைத் தாங்கிக்கொண்டு பேரிங்கில் உருளும் ஒரு பாலம். அதை இழுக்க மொபெட் செயின். வயர் வேலை வீரலட்சுமியுடையது. அடுப்படிக் கதவின் பின்பக்கம் ஆணிகள் அடித்து, கம்பெனிப் பலகையில் செய்வது போலவே கட்டினாள். கொஞ்ச நாள் அந்தக் கதவைச் சாத்த முடியவில்லை.

கம்ப்யூட்டரில் பிரிண்டர் மாட்டும் ஓட்டை வழியாகத்தான் கரியப்பன் மோட்டார்களுக்குக் கட்டளை அனுப்பினான். கம்ப்யூட்டருக்குக் கடைசிவரை தான் ஒரு பிரிண்டரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு. டார்ச்சின் இடத்தில் பேனாவைக் கட்டி முதல் வட்டம் போட்டார்கள். வந்தது முட்டை.

“ஏன்டா, கோழிப் பண்ணைக்கு மெஷின் செய்யறியா?” என்றான் தீர்த்தகிரி.

செயினை இறுக்கினார்கள். முட்டை மெல்ல வட்டமானது.

நிஜமான தொல்லை பேனாவை எடுத்துவிட்டு டார்ச்சை மாட்டியதும் வந்தது. பிளாஸ்மா பொறி தட்டும்போதெல்லாம் பச்சைத் திரை அணைந்துபோகும். பாலம் வெறிபிடித்தது போல ஓடிக் கடைசியில் முட்டிக்கொண்டு நிற்கும். “எர்த்து பத்தலக்கா. பொறி தட்டற கரண்டு போக வழியில்லாம கம்ப்யூட்டருக்குள்ள பூந்துடுது. தனியா குழி போடணும்” என்றான் கரியப்பன். ரோட்டோரச் சுவரை ஒட்டிக் குழி வெட்டி, கரியும் உப்பும் மாறி மாறிப் போட்டு, நடுவே தாமிரக் கம்பி ஒன்றை நட்டார்கள். மேசைக் காலிலிருந்து ஒரு தடித்த வயரைச் சுவரின் ஓட்டை வழியாகக் கொண்டுவந்து கம்பியின் தலையில் இறுக்கினார்கள். குழி காயாமல் இருக்கத் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். மேசை அன்றோடு சாந்தமானது.

ஆனால் அந்தச் சுவர், லாரிக்காரர்கள் ஒதுங்குகிற சுவர். வீரலட்சுமி கத்திப் பார்த்தாள், எழுதிப் போட்டாள், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் நிறுத்திய லாரியின் டயர் கம்பியையே சாய்த்துவிட்டது. அடுத்த நாள் வீரலட்சுமி கம்பிக்குப் பக்கத்தில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, மூன்று குங்குமப் பொட்டு வைத்தாள். அன்றிலிருந்து அந்தச் சுவரோரம் ஒருவனும் ஒதுங்கவில்லை. லாரிகள் ஒரு வண்டி தூரம் தள்ளி நின்றன. ஒரு டிரைவர் இறங்கிக் கும்பிட்டுவிட்டுக்கூடப் போனான்.

வீரலட்சுமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. தினமும் ஒருத்தி கல்லுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதை எதிர்க்கடையிலிருந்து நாகம்மா பார்த்தாள். கொஞ்ச நாளில் பூ வைத்தாள், பிறகு விளக்கு வைத்தாள். டீ குடிக்க வருகிறவர்கள் உப்புக்குழி அம்மன் என்று பேர் வைத்துவிட்டார்கள். நாகம்மாவின் மகனுக்குக் கம்பெனியில் வேலை நிரந்தரமானதும் அம்மனுக்கு ஒரு சிவப்புத் துணியும் வந்தது.

1997 ஆடி. கிரானைட் மெஷின் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் நாராயணப்பன் சொல்லியனுப்பியிருந்தார்: வெள்ளிக்கிழமை வருகிறேன், என் கண்ணெதிரே உங்கள் மெஷின் வெட்டட்டும், ஓரம் சரியாக இருந்தால் ஆர்டர் உங்களுக்கு, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம். வேறு ஆள் என்றால் தீர்த்தகிரிக்கு ஆணியில் தொங்கும் காக்கிச் சட்டைதான். அது ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். வியாழக்கிழமை மூன்று தகடு வெட்டிப் பார்த்தார்கள், மூன்றும் கண்ணாடி போல வந்தன. வெள்ளிக்கிழமைக்கு வீரலட்சுமி தன் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்தாள்.

நாராயணப்பன் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். ஷெட்டுக்குள் நுழைவதற்கு முன் செருப்பைக் கழற்றி அம்மனைக் கும்பிட்டார். “கம்பெனி வேன் பன்னெண்டு மணிக்குக் கெளம்பிடும். ஆரம்பிங்க” என்றார்.

கரியப்பன் கம்ப்யூட்டரில் பொத்தானைத் தட்டினான். டார்ச் பொறி தட்டியது. திரை அணைந்தது. பாலம் தடதடவென்று ஓடி முட்டியது. தகட்டின் குறுக்கே கறுப்பாக ஒரு கீறல்.

மறுபடி போட்டார்கள். மறுபடியும் அதே ஓட்டம், பக்கத்தில் இன்னொரு கீறல்.

“என்னப்பா இது, மாடு மெரண்ட மாதிரி?” நாராயணப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தீர்த்தகிரி நடுங்கும் கையை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கண் முதல் தடவையாக ஆணியின் பக்கம் போனதை வீரலட்சுமி பார்த்தாள்.

அவள் மேசைக் காலிலிருந்து வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். சுவர் ஓட்டையைத் தாண்டி வெளியே வந்தாள். வயரின் முனை சுருட்டி ஒரு மூலையில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. கம்பியின் தலையில் மஞ்சள் கயிறு. சுற்றிலும் வேப்பிலை. நாகம்மா கூழ்ப் பானையோடு உட்கார்ந்திருந்தாள்.

“வயர யாரு அவுத்தது?”

“நாந்தான் மே. ஆடி வெள்ளி. அம்மா கழுத்துல கரண்டு வயர வெச்சிக்கினு பூசை பண்ண முடியுமா?”

“அக்கா, மறுபடி கட்டணும். உள்ள ஆளு காத்துக்கினு இருக்காரு.”

“இன்னைக்கா? நல்லா இருக்குது நாயம்! மாட்டு கழுத்துல கூட பொங்கலன்னைக்கிப் புதுக் கயிறுதான் கட்டறாங்க.”

வீரலட்சுமி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்லித்தான் தீர வேண்டும் என்றாகிவிட்டது.

“அக்கா, இந்தக் கல்ல வெச்சதே நாந்தான். லாரிக்காரனுங்க நாத்தம் தாங்காம வெச்சன். இது சாமி இல்ல. எர்த்துக் குழி.”

நாகம்மா கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படவில்லை.

“வெச்சது நீயா இருக்கலாம் மே. வந்தது அவ.”

உள்ளே மேசைக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. வீரலட்சுமி சுருட்டி வைத்திருந்த வயர் முனையைக் கையில் எடுத்தாள்.

“வந்தவளுக்கு ஒரு நாளு விடாம தண்ணி ஊத்தினன். எம் புருஷன் கையால ஒரு டம்ளரு புடிக்க முடியல. இந்த மேசைதான் அவுருக்குக் கை. அந்தக் கையத்தான் நீ அவுத்து வெச்சிட்டக்கா.”

நாகம்மா தீர்த்தகிரிக்கு டம்ளர் வேண்டாம் என்று கொஞ்ச நாளாகவே டீயைச் சொம்பில் பாதியாக ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். அவள் எழுந்தாள். கல்லைப் பார்த்தாள், வயரைப் பார்த்தாள்.

“கழுத்துல கட்டக் கூடாது. மண்ணுக்குள்ள பாதத்துல கட்டலாம். மண்ணுக்குள்ள இருக்கறது கண்ணுக்குத் தெரியாது, பூசைக்கும் தொந்தரவு இல்ல. என்னா சொல்ற?”

எட்டிப் பார்த்த கரியப்பன், “அடிலதான் அக்கா இன்னும் நல்லா புடிக்கும்!” என்று கத்தினான்.

நாகம்மா கற்பூரம் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு தன் கையாலேயே ஈர மண்ணைத் தோண்டினாள். கம்பியின் கீழ்ப்பக்கம் தெரிந்ததும் வீரலட்சுமி வயரை வைத்துப் பிடித்துக்கொண்டாள். ஸ்பேனரை வாங்கிய நாகம்மா, “எந்தப் பக்கம் திருப்பறது?” என்றாள். சொன்னதும் இட்லி மாவு ஆட்டுகிற தோளால் ஒரு இறுக்கு இறுக்கினாள். அந்த நட்டை அதற்குப் பிறகு யாராலும் கழற்ற முடிந்ததில்லை.

இந்தத் தடவை தீர்த்தகிரியையே தட்டச் சொன்னான் கரியப்பன். விரல் நடுங்கியபடியே பொத்தானைத் தொட்டது. நடுக்கம் பொத்தானோடு நின்றது. டார்ச் பொறி தட்டி, நீல வெளிச்சத்தோடு நேராகப் போய், மூலையில் திரும்பி, நடுவில் வட்டம் போட்டுத் திரும்பி வந்தது. தீர்த்தகிரி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதை வீரலட்சுமி கவனித்தாள். பழைய நாட்களில் டார்ச்சைக் கையில் பிடித்திருக்கும்போது நிற்பது போலவே நின்றான். தகடு தண்ணீரில் சொத்தென்று விழுந்த பிறகுதான் மூச்சை விட்டான்.

நாராயணப்பன் அதை எடுத்து, ஓரத்தைத் தடவிப் பார்த்தார். மறுபடி ஒருமுறை தடவினார். “கூழு எனக்கும் கொஞ்சம் ஊத்தச் சொல்லுங்க. வேன் நிக்கும்” என்றார்.

திங்கட்கிழமை காலை கிரானைட் மெஷின் கம்பெனியின் டெம்போவில் வெட்ட வேண்டிய தகடுகள் வந்து இறங்கின. மேசையைத் துடைக்கத் தீர்த்தகிரி துணி கேட்டான். வீரலட்சுமி விசிலைக் கழற்றி வைத்துவிட்டு, ஆணியில் இருந்த காக்கிச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.